கவரை எப்போது பிரிப்பது? புது மீன் சேர்ப்பது பற்றிச் சில குறிப்புகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கொளத்தூரிலிருந்து ரெட்டேரி, பாடி வழியாக அம்பத்தூர் பக்கம் வண்டியில் வந்திருக்கிறீர்களா? முன்னால் போகும் டூவீலர்களை ஒருமுறை கவனித்துப் பாருங்க. கொக்கியில் ஒரு பிளாஸ்டிக் கவர் ஆடிக்கொண்டு போகும். பின்சீட்டில் ஒரு பையன் இன்னொரு கவரைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். உள்ளே நாலு கப்பியோ, ஒரு ஜோடி ஏஞ்சலோ இருக்கும். வீட்டுக்குப் போனதும் கவரைக் கிழித்து, தண்ணியோடு அப்படியே தொட்டியில் கொட்டிவிடுவார்கள். ரெண்டு நாள் நன்றாக நீந்தும். மூணாம் நாள் ஒன்று மிதக்கும். "கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்று முடிவுரை எழுதப்படும்.

கடைக்காரர் சில சமயம் ஏமாற்றுவது உண்மைதான். ஆனால் பல சாவுகள் கடைக்கும் தொட்டிக்கும் நடுவில், அந்தக் கவருக்குள்ளும் அதைப் பிரித்த முதல் ஒரு மணி நேரத்திலும்தான் தொடங்குகின்றன. மிச்சம் சாவுகள் அதன் பிறகு வரும் மூன்று வாரங்களில். இந்த இரண்டையும் பற்றி நான் படித்ததும் பார்த்ததும் இங்கே.

முதலில் கவர். கட்டி வைத்த கவருக்குள் மூன்று விஷயம் ஒன்றாக நடக்கிறது. மீன் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. கார்பன் டை ஆக்சைடை விடுகிறது. செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது. ஆக்சிஜனைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், கடைக்காரரும் சிலிண்டரிலிருந்து புஸ்ஸென்று அடைத்துத்தான் தருகிறார். மற்ற இரண்டும்தான் சுவாரசியம்.

அம்மோனியா தண்ணீரில் இரண்டு வேஷத்தில் இருக்கும். ஒன்று அம்மோனியம் என்ற அயனி, அது அவ்வளவாக விஷமில்லை. இன்னொன்று அயனியாகாத அம்மோனியா, செவுளைச் சுட்டுவிடும். எந்த வேஷம் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது பிஎச். கவருக்குள் கார்பன் டை ஆக்சைடு சேரச் சேரத் தண்ணீர் அமிலப் பக்கம் சாயும். அதனால் அம்மோனியாவில் பெரும்பகுதி விஷமில்லாத வேஷத்திலேயே கிடக்கும். அதாவது, மீன் விட்ட ஒரு கழிவு இன்னொரு கழிவிடமிருந்து மீனைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

இப்போது நீங்கள் கவரைப் பிரிக்கிறீர்கள். கார்பன் டை ஆக்சைடு காற்றில் போய்விடும், பிஎச் ஏறும். நம்ம ஏரியா போர் தண்ணியை அதில் ஊற்றினால் இன்னும் ஏறும். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கவர் தண்ணீரில் மொத்த அம்மோனியா 2 பிபிஎம், வெப்பம் 28 டிகிரி என்று வையுங்கள். பிஎச் 6.5 ஆக இருக்கும்போது அதில் விஷமான பங்கு 0.005 பிபிஎம் கூட இருக்காது. அதே தண்ணீர் பிஎச் 8 ஆனால் 0.13 பிபிஎம். கிட்டத்தட்ட முப்பது மடங்கு. 0.05 பிபிஎம் என்ற அளவிலேயே செவுளுக்குச் சேதம் தொடங்கலாம் என்று வளர்ப்பு நூல்கள் சொல்லும். மீன் ஒரு பாவமும் செய்யவில்லை, கவரின் ரப்பர் பேண்டை அவிழ்த்தோம், அவ்வளவுதான்.

"கவரைத் திறந்து வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தொட்டித் தண்ணி ஊத்து, ஒரு மணி நேரம் பொறு" என்ற பிரபலமான அறிவுரை எல்லா நேரத்துக்கும் பொருந்தாததற்கு இதுதான் காரணம். கொல்கத்தாவிலிருந்தோ மும்பையிலிருந்தோ பார்சலில் வந்து, இருபது மணி நேரம் கவரில் கிடந்த மீனுக்கு இந்த மெதுவான முறை அம்மோனியாக் குளியல். அதற்குக் கட்டிய நிலையிலேயே கவரை மிதக்கவிட்டு வெப்பத்தை மட்டும் சமன் செய்து, பிரித்த உடனே மீனை எடுத்து நல்ல தண்ணீரில் விடுவதே மேல். கொளத்தூரில் வாங்கி அரைமணி நேரத்தில் அம்பத்தூர் வந்து சேர்ந்த மீனுக்கு அம்மோனியா சேர நேரமே இல்லை. அதற்கு மெதுவான முறை நல்லது.

ஒரு சிக்கல். நீங்கள் அரைமணி நேரத்தில் வந்தீர்கள் என்பதால் மீனும் அரைமணி நேரம்தான் கவரில் இருந்தது என்று அர்த்தமில்லை. ஞாயிறு கூட்டத்துக்காகக் காலையிலேயே கட்டித் தொங்கவிட்டிருக்கலாம். அதனால் கடையில் நான் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, இது எப்ப கட்டின கவர்?" தொட்டியிலிருந்து பிடித்து என் கண் முன்னால் கட்டித் தரச் சொல்வேன். பெரும்பாலும் முகம் சுளிக்காமல் செய்து தருவார்கள்.

அவர்கள் திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு, அதுதான் இன்னும் நல்ல கேள்வி. கொளத்தூரில் தலைமுறையாக மீன் வளர்க்கும் குடும்பங்கள் உண்டு, மொட்டை மாடியிலும் கொல்லைப்புறத்திலும் சிமெண்ட் தொட்டி கட்டிக் குஞ்சு பொரிக்க வைப்பவர்கள். அப்படி ஒருவர் என்னிடம் மீனைப் பற்றி எதுவும் பேசாமல் முதலில் கேட்டது: "எந்த ஏரியா சார்? மெட்ரோ தண்ணியா, போரா?"

மேற்குப் புறநகரில் இதற்கு ஒற்றைப் பதில் கிடையாது. ஒரே தெருவில் ஒரு வீட்டில் மெட்ரோ வாட்டர், அடுத்த வீட்டில் போர், மூன்றாவது அபார்ட்மெண்டில் ரெண்டும் லாரித் தண்ணியும் ஒரே சம்ப்பில் கலந்திருக்கும். ஏப்ரல், மே வந்தால் விகிதமும் மாறிவிடும். ஜனவரியில் இருந்த தண்ணீர் மே மாதம் இல்லை.

குழாயில் வரும் சுத்திகரித்த தண்ணீரில் குளோரின் இருக்கும். நமக்குக் கிருமி வராமல் இருக்க லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது இந்தியக் குடிநீர்த் தர விதி. மீனின் செவுளுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு கூட நல்லதல்ல. டிரம்மில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்து ஏர் ஸ்டோன் ஓடவிட்டால் போய்விடும். அவசரத்துக்குக் கடையில் விற்கும் ஆன்டி குளோரின் சொட்டு மருந்து; பலவற்றில் இருப்பது சோடியம் தயோசல்பேட்தான், பழைய போட்டோ ஸ்டுடியோக்காரர்கள் ஹைப்போ என்று சொல்வார்களே, அதே உப்பு.

போர் தண்ணீரில் குளோரின் பிரச்சினை இல்லை என்று நிம்மதியாகிவிட வேண்டாம். பூமிக்கு அடியிலிருந்து நேராக வரும் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, கார்பன் டை ஆக்சைடு அதிகம், சில இடங்களில் இரும்பும் உண்டு. அதையும் ஒரு ராத்திரி காற்றோட்டம் கொடுத்து வைப்பதே சரி. அடுத்தது டிடிஎஸ். வீட்டில் ஆர்ஓ மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இந்த வார்த்தையை விளக்க வேண்டியதில்லை. சர்வீஸ் பையன் பேனா மாதிரி ஒன்றை டம்ளருக்குள் விட்டுக் காட்டுவானே, அது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மீன் வளர்ப்பவர் வாங்க வேண்டிய முதல் கருவி அதுதான் என்பது என் கட்சி, ஹீட்டர் அல்ல.

ஏன் டிடிஎஸ் முக்கியம்? நன்னீர் மீனின் ரத்தம் சுற்றியுள்ள தண்ணீரைவிட உப்பு மிகுந்தது. அதனால் தண்ணீர் செவுள் வழியாக உடலுக்குள் வந்துகொண்டே இருக்கும். மீன் அதைச் சிறுநீராக வெளியேற்றிக்கொண்டே, உப்பை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஓட்டைப் படகில் உட்கார்ந்து தண்ணீரை இறைத்துக்கொண்டே இருப்பது மாதிரியான வாழ்க்கை. டிடிஎஸ் அதிகமான கடைத் தண்ணீருக்குப் பழகிய மீனை, "சுத்தமா இருக்கட்டுமே" என்று வெறும் ஆர்ஓ தண்ணீரில் போட்டால் ஓட்டை திடீரென்று பெரிதாகிவிடும். மாலி மீன் இடத்தை விட்டு நகராமல் உடம்பை மட்டும் நெளித்து நெளித்து ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். குளிரில் நடுங்குகிறது என்று நினைப்போம். பல சமயம் அது மென்மையான தண்ணீர் ஒத்துக்கொள்ளாததன் அறிகுறி.

நான் செய்வது இது. கவர் தண்ணீரிலும் என் தொட்டியிலும் டிடிஎஸ் பார்ப்பேன். வித்தியாசம் நூறு, நூற்றைம்பதுக்குள் என்றால் அலட்டிக்கொள்வதில்லை. வெப்பம் சமமானதும் விட்டுவிடுவேன். முந்நூறைத் தாண்டினால் சொட்டு முறை. மீனைக் கவர் தண்ணீரோடு ஒரு சின்ன பக்கெட்டில் விட்டு, தொட்டியிலிருந்து ஏர் டியூப் ஒன்றை இறக்கி, அதில் ஒரு முடிச்சுப் போட்டு, விநாடிக்கு மூன்று சொட்டு வருகிற மாதிரி இறுக்குவேன். அரை லிட்டர் தண்ணீர் ஒரு லிட்டராக ஆவதற்கு ஒரு மணி நேரம் போல ஆகும். பாதியைக் கீழே கொட்டிவிட்டு இன்னொரு மணி நேரம். அதற்குள் ஒரு கிரிக்கெட் மேட்ச்சின் முதல் பாதி முடிந்துவிடும்.

வெப்பத்துக்குப் பதினைந்து, இருபது நிமிடம் கவர் மிதந்தால் போதும். மிதக்கவிடும் முன் கவரின் வெளிப்புறத்தைக் கழுவிவிடுங்கள், கடைத் தரையில் எதன்மேல் வைத்திருந்தார்களோ. தொட்டி லைட்டை அணைத்து வைப்பது நல்லது. கடைசியில் மீனை மட்டும் எடுக்க வேண்டும், கவர் தண்ணீர் ஒரு சொட்டும் தொட்டிக்குப் போகக் கூடாது. அது கடையின் பொதுக் குளத்துத் தண்ணீர், நூறு தொட்டியின் வலை அதில் விழுந்திருக்கும். கோரிடோராஸ், சக்கர் போன்ற முள் வைத்த மீன்களுக்கு வலை வேண்டாம், சிக்கிக்கொள்ளும். டம்ளரில் பிடித்துவிடலாம்.

வரும் வழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வண்டி கொக்கியில் வெயில் படத் தொங்கவிடும் கவர், மே மாதம் மதியம் சிக்னலில் நிற்கும்போது என்ன சூடாகும் என்று கை வைத்துப் பாருங்கள். தண்ணீர் சூடானால் அதில் கரையும் ஆக்சிஜனும் குறைகிறது. 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். சூட்டில் மீனின் மூச்சுத் தேவை கூடுகிறது என்பது இன்னொரு பக்கம். பேப்பரில் சுற்றிப் பைக்குள் வைத்து, காலை பத்து மணிக்கு முன் வீடு வந்து சேருவது உத்தமம்.

இனி மூன்று வாரக் கதை. இதை என் சொந்தத் தப்பிலிருந்துதான் கற்றுக்கொண்டேன். நாலு வருடம் எந்தப் பிரச்சினையும் இல்லாமல் ஓடிய தொட்டி, நாலு ஏஞ்சல் மீன். ஒரு நவம்பரில், மழை விட்ட ஒரு நாளில், பளபளப்பாக இருந்த ஆறு பிளாட்டி வாங்கி வந்து, மேலே சொன்ன எல்லாச் சாங்கியமும் செய்து, நேராகப் பெரிய தொட்டியில் விட்டேன். ஐந்தாம் நாள் ஒரு பிளாட்டியின் வாலில் ரவை ஒட்டின மாதிரி இரண்டு வெள்ளைப் புள்ளி. எட்டாம் நாள் ஏஞ்சல்களின் உடம்பு முழுக்க. பிளாட்டிகளில் நாலு பிழைத்தன. ஏஞ்சல் ஒன்றும் பிழைக்கவில்லை. என் மகள் பேர் வைத்திருந்த மீன்கள் அவை. நான்கையும் வாழைக் கன்றுக்கடியில் புதைத்தோம்.

அது இக் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் வெண்புள்ளி நோய். இக்தியோப்தீரியஸ் என்ற ஒருசெல் உயிரி. நாம் பார்க்கும் வெள்ளைப் புள்ளி என்பது தோலுக்கு அடியில் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கும் நிலை. அப்போது எந்த மருந்தும் அதைத் தொடாது. தின்று முடித்ததும் மீனைவிட்டு விழுந்து, கல்லிலோ செடியிலோ ஒட்டிக்கொண்டு உறை கட்டிக்கொள்ளும். உள்ளே பிரிந்து பிரிந்து நூற்றுக்கணக்கில் குட்டிகள். உறை உடைந்து அவை நீந்தி வெளியே வரும். ஓரிரு நாளுக்குள் ஒரு மீன் கிடைக்காவிட்டால் சாக வேண்டியதுதான். மருந்து கொல்வது இந்த நீந்தும் நிலையை மட்டும். அதனால்தான் புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்தியவர்களுக்கு ஒரு வாரத்தில் இரண்டாவது அலை வருகிறது. புள்ளி மறைந்தது குணமானதால் அல்ல, விழுந்து பெருகப் போனதால்.

புத்தகங்களில் "ஹீட்டர் போட்டு 30 டிகிரிக்கு உயர்த்துங்கள்" என்று எழுதியிருக்கும். குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியது. நம்ம ஊரில் கோடையில் கான்கிரீட் மாடி வீட்டில் தொட்டித் தண்ணீர் எதுவும் செய்யாமலே அங்கே நிற்கும். அதனால்தான் கோடையில் இக் அதிகம் தலைகாட்டுவதில்லை. ஐப்பசி மழையில் தண்ணீர் நாலைந்து டிகிரி இறங்கும்போது வரும். அந்த மாதங்களில் ஹீட்டர் யோசனை சரியே. ஆனால் கோடையில் வேறு எதிரி இருக்கிறது. காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா நோய், வாய் ஓரத்திலும் முதுகிலும் பஞ்சு படர்ந்த மாதிரி வெளுப்பு. பார்த்தவுடன் "பூஞ்சை" என்போம். இதற்குச் சூடு மிகப் பிடிக்கும். வெள்ளையாக எதைப் பார்த்தாலும் சூட்டை ஏற்றுபவர் இந்த நோய்க்கு விருந்து வைக்கிறார். புள்ளியா, படலமா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் எதையும் செய்ய வேண்டும்.

அதனால் தனித்தொட்டி. பெரிய செலவெல்லாம் இல்லை. முப்பது லிட்டர் பிளாஸ்டிக் டப் ஒன்று, பாத்திரக் கடையில் கிடைப்பது போதும். ஒளிந்துகொள்ள நாலு துண்டு பிவிசி பைப். மேலே ஒரு வலை மூடி, புது மீன் குதிக்கும். ஒரு ஸ்பான்ஞ் ஃபில்டர். இந்த ஸ்பான்ஞ்சில்தான் சூட்சுமம். கடையிலிருந்து வந்த புது ஸ்பான்ஞ் வெறும் நுரைத் துண்டு. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா அதில் குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதனால் ஒரு உபரி ஸ்பான்ஞ்சை எப்போதும் பெரிய தொட்டியில் ஓடவிட்டு வையுங்கள். புது மீன் வரும் அன்று அதைத் தூக்கித் தனித்தொட்டியில் போட்டால் முதல் நாளே வேலை செய்யும். மூன்று வாரம் முடிந்ததும் அதைக் கழுவிக் காய வைத்துவிட்டு, பெரிய தொட்டியில் வேறொரு ஸ்பான்ஞ்சை ஏற்றிவிட வேண்டும். நோய் பார்த்த ஸ்பான்ஞ்சை ஈரத்தோடு திரும்பக் கொண்டுபோவது, பூட்டைப் பூட்டிச் சாவியைத் திருடனிடம் கொடுக்கிற வேலை.

வலை, பக்கெட், டியூப் எல்லாம் தனித்தொட்டிக்குத் தனி. தண்ணீர் மாற்றும்போது முதலில் பழைய தொட்டி, கடைசியில் புதியது. கையில் வெட்டுக்காயம் இருந்தால் எந்தத் தொட்டியிலும் கை விட வேண்டாம். மீன்களுக்கு வரும் ஒருவகைக் காசநோய்க் கிருமி காயம் வழியாக மனிதத் தோலில் ஆறாத புண்ணை உண்டாக்கும்.

மூன்று வாரம் என்ன பார்ப்பது? சாப்பிடுகிறதா, துடுப்பை விரித்து வைத்திருக்கிறதா, பைப்பில் உடம்பைத் தேய்க்கிறதா, ஒரு பக்கச் செவுள் மட்டும் வேகமாக அடிக்கிறதா. கழிவு வெள்ளையாக நூல் மாதிரித் தொங்குகிறதா. கப்பி, மாலி வாங்கினால் பின்துவாரத்தில் சிவப்பு இழை நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். அது குடல் புழு, காமல்லானஸ். பெரிய தொட்டிக்குள் வந்துவிட்டால் எளிதில் போகாது.

எந்த நோயும் தெரியாமலே முன்ஜாக்கிரதையாக மருந்து போடலாமா? கடைகளில் நீல மருந்து, பச்சை மருந்து, மனுஷ மாத்திரை உடைத்துப் போடுவது என்று எல்லாம் சொல்வார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. மெத்திலீன் நீலம் அந்த அருமை ஸ்பான்ஞ்சின் பாக்டீரியாவையும் சேர்த்துப் பாதிக்கும். கண்டபடி ஆன்டிபயாடிக் போட்டால் மருந்துக்கு அசராத கிருமிதான் மிஞ்சும். லிட்டருக்கு ஒரு கிராம் கல் உப்பு போதும், பயணக் களைப்பில் உப்பை இழந்த மீனுக்கு அது ஓட்டைப் படகை அடைப்பது மாதிரி. நைட்ரைட் விஷத்தையும் உப்பிலுள்ள குளோரைடு தடுக்கும். இக் உறுதியானால் மூன்று கிராம் வரை போவேன், இரண்டு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக. கோரிடோராஸ், லோச் வகைகளுக்கு இவ்வளவு ஏற்ற மாட்டேன். தெருவில் உதிர்ந்து கிடக்கும் நாட்டு பாதாம் இலையை ஒன்றிரண்டு காயவைத்துப் போடுவது கொளத்தூர்ப் பழக்கம். ஃபைட்டர் மீன்காரர்கள் சத்தியம் செய்வார்கள். தண்ணீர் டீ நிறமாகும், கெடுதல் இல்லை, ஆனால் அதை இக் மருந்து என்று நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

கடைகளையே கட்டுப்படுத்தலாமே என்று கேட்கலாம். 2017-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மீன்தொட்டிக் கடைகளுக்கென்றே விதிகள் அறிவித்தது. வியாபாரிகள் கடுமையாக எதிர்த்தார்கள், பிறகு விதிகள் திரும்பப் பெறப்பட்டன. எனவே இன்றைக்குத் தனிமைப்படுத்தும் வேலை நம் வீட்டு டப்பில்தான் நடக்க வேண்டும்.

மூன்று வாரம் கழித்துப் பெரிய தொட்டிக்கு மாற்றும் நாளில் உள்ளே இருக்கும் கல், மரத்துண்டுகளைக் கொஞ்சம் இடம் மாற்றி வையுங்கள். பழைய மீன்களுக்கு எல்லைக்கோடு குழம்பிப்போய்ச் சண்டை குறையும். ராத்திரி லைட் அணைத்த பிறகு, அதற்கு முன் பழையவற்றுக்கு வயிறாரத் தீனி போட்டுவிட்டு, புதியதை விடலாம். ஒரே நாளில் பத்து மீன் சேர்த்தால் பாக்டீரியாவுக்கு வேலை திடீரென்று கூடும். இரண்டு மூன்றாகச் சேர்த்து, ஒரு வாரம் தீனியைக் குறைத்துப் போடுங்கள்.

சேர்ப்பதைப் பற்றியே பேசினோம், சேராத மீனை என்ன செய்வது? டேங்க் கிளீனர் என்று விரல் நீளத்தில் விற்கப்படும் சக்கர் மீன் ஒன்றரை அடி வரை வளரும். வளர்ந்ததும் "பாவம், ஏரியில் விட்டுடலாம்" என்று அம்பத்தூர் ஏரிக்கோ, கொரட்டூருக்கோ, பருத்திப்பட்டுக்கோ ராத்திரியில் எடுத்துப் போகிறார்கள். தென் அமெரிக்க மீன் அது, முரட்டுக் கவசம், நம் பறவைகளால் எளிதில் விழுங்க முடியாது. தமிழ்நாட்டு நீர்நிலைகளில் ஏற்கெனவே பெருகி மீனவர் வலைகளைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்தால் பல பேர் வாங்கிக்கொள்கிறார்கள், காசு மட்டும் தர மாட்டார்கள். செத்த மீனையும் கவர் தண்ணீரையும்கூட ஏரியிலோ மழைநீர்க் கால்வாயிலோ விட வேண்டாம். தண்ணீர் செடிக்கு, மீன் மண்ணுக்கு.

போன மாதம் நாலு ஏஞ்சல் குஞ்சு வாங்கினேன். அம்பது பைசா அளவில் இருக்கின்றன. பால்கனி டப்பில் இன்று பதினாறாவது நாள். ஒன்று மட்டும் பைப்பை விட்டு வெளியே வரவே யோசிக்கிறது, சாப்பிடுகிறது ஆனால். இன்னும் ஒரு வாரம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.